தோட்ட ரயில் கட்டடங்களுக்கு பிவிசி ஃபோம் ஷீட்: மழைக்குக் கவலையில்லை, வெயிலைத்தான் பார்க்கணும்

தோட்டத்தில் ரயில் ஓடவிடுகிறவர்களுக்கு இன்ஜினைவிடக் கட்டடம்தான் பெரிய தலைவலி. 1968-ல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சிக்கு எல்ஜிபி என்ற ஜெர்மன் தோட்ட ரயில் வந்ததிலிருந்தே 45 மி.மீ. இடைவெளியுள்ள பித்தளைத் தண்டவாளம் மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இன்ஜினையும் பெட்டிகளையும் ஓட்டி முடித்ததும் உள்ளே எடுத்துப்போய்விடலாம். ஸ்டேஷன், சரக்குக் கொட்டகை, சிக்னல் கேபின், தண்ணீர்த் தொட்டி இதெல்லாம் அங்கேயேதான் நிற்கும், இரவும் பகலும். வீட்டுக்குள் மேஜைமேல் வைக்கிற மாடலுக்குப் போதுமான அட்டையும் பால்சா மரமும் இங்கே முதல் மழைக்கே காலி. அப்புறம் எதில் கட்டுவது என்ற கேள்விக்குப் பல பொருள்களைப் பார்த்துவிட்டு நான் வந்து நின்ற இடம் பிவிசி ஃபோம் ஷீட். நல்லதும் கெட்டதும் சேர்த்து அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெயர்ப்பலகை செய்பவர்கள் எழுத்து வெட்டுவதற்கு எடுக்கிற அதே வெள்ளைத் தகடுதான் இது. சின்ட்ரா, ஃபோரெக்ஸ், ஃபோமெக்ஸ் என்று பல பெயர்களில் வருகிறது, பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது நுண்ணிய காற்றுக்குமிழிகள் நிறைந்த கெட்டி பிவிசி. சாதாரண பிவிசி கன செ.மீ.க்குச் சுமார் 1.4 கிராம் எடை இருக்கும், இது பெரும்பாலும் 0.5 முதல் 0.7 வரைதான். குமிழிகள் ஒன்றோடொன்று திறந்துகொள்ளாமல் தனித்தனியாக மூடியே இருப்பதால் தண்ணீர் உள்ளே போவதில்லை, ஊறுவதில்லை, உப்புவதில்லை, மக்குவதில்லை. கரையானுக்கும் இதில் வேலை கிடையாது. மழையைப் பொறுத்தவரை இதோடு பேச்சு முடிந்தது. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துபோனாலும் எடுக்கும்போது அதே துண்டுதான் இருக்கும்.

ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கணும், இதைக் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். இந்த ஷீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கும், மேற்பரப்பு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். இன்னொன்று செலுக்கா முறையில் செய்வது, மேலே பளபளப்பான கெட்டித் தோல், உள்ளே மிருதுவான நடுப்பகுதி, அலமாரிக் கதவுக்கெல்லாம் போவது இது. அலமாரிக்கு அந்தத் தோல் நல்லதுதான், நமக்கோ அது இடைஞ்சல். செங்கல் கோடு போடப் போனால் பேனா வழுக்கும், வெட்டிய ஓரத்தில் தோல் ஒரு நிறமாகவும் நடுப்பகுதி ஒரு மாதிரியாகவும் தெரியும், தோலைத் தேய்த்து எடுத்தால் உள்ளே இருக்கும் பெரிய குமிழிகள் பல்லிளிக்கும். கட்டடத்துக்கு முதல் வகைதான். நான் தபாலில் தருவித்த ஒரு கட்டு, விவரத்தில் சீரான வகை என்று போட்டிருந்தும் கெட்டித் தோலோடு வந்தது, அதோடு 10 மி.மீ. என்ற தடிமன் அளந்து பார்த்தால் அதற்கும் குறைவு. அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும், ஜன்னல் சட்டத்தையெல்லாம் முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பவரிடம் கேட்டால் தெரியும். அதனால் முடிந்தவரை நேரில் பார்த்து, ஒரு மூலையை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பலகைத் தொழில் செய்பவர்களிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகள் எப்போதும் கிடக்கும், நம் அளவுக்கு அதுவே தாராளம்.

தடிமன் விஷயத்தில் இந்த ஷீட் நம்மைக் கேட்டு வைத்துக்கொண்டு செய்ததுபோல் அமைந்திருக்கிறது. 1:22.5 ஸ்கேலில், அதாவது அசலை 22.5 மடங்கு சுருக்கி ஓட்டுகிறவர்களுக்கு 10 மி.மீ. ஷீட் என்பது அசலில் 225 மி.மீ., அதாவது அப்பட்டமான ஒன்பது அங்குலச் சுவர். 5 மி.மீ. எடுத்தால் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். கணக்கு இவ்வளவு சரியாக வருவது தற்செயல்தான், ஆனால் பலன் கண்ணுக்குத் தெரியும்: ஜன்னலும் கதவும் சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் பதிந்து நிற்கணுமோ அவ்வளவு ஆழத்தில் நிற்கும், வெயில் சாய்ந்து விழும்போது அந்த இடத்தில் நிஜமான நிழல் விழும். மெல்லிய சுவரில் செய்த கட்டடங்கள் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் பொம்மையாகவே தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த ஆழம் இல்லாததுதான்.

ஸ்கேலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது இதுதான். தண்டவாளம் ஒரே 45 மி.மீ., அதன்மேல் ஓடும் வண்டிகளின் ஸ்கேல் வேறு வேறு. மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) ரயிலைக் காட்ட 1:22.5, மூன்றடி கேஜைக் காட்ட 1:20.3, ஐரோப்பா, அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு கேஜ் என்றால் சரியான கணக்கு 1:32, ஆனால் அமெரிக்க மாடல்களில் 1:29 நிறைய. பிரிட்டனில் 32 மி.மீ. தண்டவாளத்தில் ஏறத்தாழ 1:19-ல் ஓட்டும் கூட்டம் தனி. இரண்டு மீட்டர் உயரக் கதவு 1:22.5-ல் 89 மி.மீ., 1:29-ல் 69 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கட்டடத்துக்காரர் ராட்சசராகிவிடுவார். கட்டடத்தின் நீள அகலத்தைக் குறைத்துக் கட்டலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம், அசல் ஸ்டேஷனை முழு அளவில் கட்டினால் தோட்டமே போதாது. கதவின் உயரத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது, கண் முதலில் அளப்பது அதைத்தான்.

வெட்டுவது சுகமான வேலை. கூரான கட்டரும் இரும்பு ஸ்கேலும் போதும், 3 மி.மீ. என்றால் இரண்டு மூன்று இழுப்பு, 10 மி.மீ.க்கு இரண்டு பக்கமும் பொறுமையாகக் கீறி, கடைசியில் மேஜை ஓரத்தில் வைத்து அழுத்தினால் பட்டென்று ஒடியும். மின்சார ஜிக்ஸாவை வேகமாக ஓட்டினால் பல் சூடாகி, பின்னாலேயே உருகி ஒட்டிக்கொண்டு வரும். வேகத்தைக் குறைத்து, பெரிய பல் போட்டால் சரியாக வரும். ரம்பத்தூள் மின்னேற்றம் பிடித்துச் சட்டை, தலைமுடி, கதவு, பூனை எல்லாவற்றிலும் ஒட்டும், அதற்குத் தயாராக இருங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிவிசியை லேசரில் வெட்டக்கூடாது. அதில் இருக்கும் குளோரின் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிவரும், வெட்டுகிறவரின் நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். தெரிந்தவரிடம் லேசர் மெஷின் இருக்கிறது என்று கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். மிஞ்சிய துண்டுகளைக் குப்பையோடு எரிக்கக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

எனக்கு இந்த ஷீட்டைப் பிடிக்க முதல் காரணம் மழை தாங்குவது அல்ல, அதில் கோடு விழும் விதம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி இழுத்தால் குமிழிகள் நசுங்கி, சுத்தமான உருண்டைப் பள்ளம் விழுகிறது. அப்படியே சாந்துக்கோடு. கத்தியால் கீறினால் இது வராது, ஓரம் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும். கருங்கல் வேண்டுமானால் கோணல்மாணலாகக் கல் வரைந்து, ஒவ்வொரு கல்லின் முகத்தையும் கரடுமுரடான கல்லால் லேசாகத் தட்டணும். மரப்பலகை வேண்டுமானால் ஹேக்ஸா பிளேடைப் படுக்கவைத்து ஒரே திசையில் இழுத்தால் மரத்தின் ரேகை வந்துவிடும், அதுவும் ஸ்கேலுக்குப் பொருத்தமான நுணுக்கத்தில். நிஜ மரத்தில் செய்தால் ரேகை பெரிதாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும், பிளாஸ்டிக்கில் செய்த மரம் நிஜ மரத்தைவிட மரமாக இருப்பது இந்தப் பொழுதுபோக்கின் வேடிக்கைகளில் ஒன்று.

செங்கல்லுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 1:22.5-ல் ஒரு வரிசைச் செங்கல் ஏறத்தாழ 3.3 மி.மீ. உயரம். அரை மீட்டர் நீளம், கால் மீட்டர் உயரம் உள்ள ஒரு சுவருக்கு எழுபத்தைந்து வரிசை வரும், வரிசைக்கு நாற்பத்தெட்டு கல் என்று வைத்தால் மூவாயிரத்துக்கும் மேலே. ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்குத்துக் கோடு, அதுவும் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி. இது ஒரு பக்கச் சுவருக்கு மட்டும். ஆர்வத்தில் ஆரம்பித்து மூன்றாம் சுவரில் பேனாவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. சுவர் முழுக்கப் பூச்சு பூசியதாக வைத்துக்கொண்டு, பூச்சு உதிர்ந்த இடங்களிலும் மூலைகளிலும் ஜன்னலுக்கு மேலேயும் மட்டும் செங்கல் காட்டுங்கள். வேலை கால்பங்கு, பார்க்கவும் பழைய ஸ்டேஷன் களை தானாக வரும். மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்தில் ஷீட்டின் வெட்டு முகம் வெறுமையாகத் தெரியும் என்பதால் அந்த 10 மி.மீ. பட்டையிலும் கோட்டைத் தொடர்ந்து போட மறக்கக்கூடாது. சீரான வகை ஷீட்டில்தான் இது முடியும், அதற்காகத்தான் மேலே அவ்வளவு சொன்னேன்.

ஒட்டுவதற்குக் குழாய்க்காரர்கள் போடும் பிவிசி பசையே போதும். அது ஒட்டுவது என்பதைவிட இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது, காய்ந்தபின் இழுத்தால் மூட்டு விடாது, பக்கத்துச் சுவர்தான் கிழியும். ஷீட்டின் வெட்டு முகம் முதல் பூச்சைக் குடித்துவிடும் என்பதால் ஒரு தடவை தடவிக் கொஞ்சம் விட்டு மறுபடி தடவணும். பிடிப்பு சீக்கிரம் வந்துவிடும், மூலைமட்டம் வைத்து நேராக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. கதவு ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், அந்த நெடி தலையைச் சுற்றவைக்கும். சயனோ அக்ரிலேட் பசை, அதான் நொடியில் ஒட்டும் சின்ன டியூப், தற்காலிகமாகப் பிடித்துவைக்க உதவும், ஆனால் அதையே நம்பிக் கட்டினால் வெயில் மழையில் மூட்டு மொறுமொறுவென்று ஆகி ஒருநாள் தட்டினால் விட்டுவிடும். உள்மூலைகளில் 10 மி.மீ. சதுரப் பட்டை ஒன்றை நிற்கவைத்து ஒட்டினால் சுவர் ஜென்மத்துக்கும் கோணாது. திருகு போடுவதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். சாதாரணத் திருகு துருவிட்டுச் சுவரில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும்.

சரி, இப்போது இந்தப் பொருளின் பலவீனத்துக்கு வருவோம். விற்கிறவர்கள் வெளியில் வைக்கலாம், எத்தனை வருஷம் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள். மழைக்கு அது உண்மை. வெயிலுக்கு இல்லை. இந்த ஷீட்டுக்குத் தொடர்ந்து தாங்கும் எல்லையாகப் பொதுவாகச் சொல்வது 60 டிகிரியைத்தான், 75, 80 டிகிரியை நெருங்கும்போது பிவிசி இளகவே ஆரம்பித்துவிடும். நிழலில் அளந்த காற்றின் சூட்டை வைத்து 40-தானே என்று நினைத்துவிடக்கூடாது. நேர் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பரப்பு 60, 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ பெயின்ட் அடித்த 3 மி.மீ. கூரை, அடியில் தாங்கல் இல்லாமல் நீளமாகப் போனால், ஒரு கோடைக்குள் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்தது தொய்ந்ததுதான், மாலையில் ஆறினாலும் திரும்ப நிமிராது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டில் நீங்கள் நினைத்த நிறத்தை அடித்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலமாக வைத்து, உச்சி வெயிலில் விட்டுப் பாருங்கள். எந்த விவரக் குறிப்பையும்விட அந்தத் துண்டு உங்கள் தோட்டத்தைப் பற்றி நேராகச் சொல்லும்.

அதோடு விரிவு. பிவிசி ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 0.06, 0.07 மி.மீ. நீளும். கேட்க அற்பமாக இருக்கும். அரை மீட்டர் சுவர் விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே 40 டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேலே நீள்கிறது. எல்லாமே பிவிசி என்றால் எல்லாம் சேர்ந்து நீளும், சேர்ந்து சுருங்கும், பிரச்சினை இல்லை. நீளமான அலுமினியத் தகட்டை அதன்மேல் எபாக்சி போட்டு இறுக்கி ஒட்டினால்தான் வம்பு, அலுமினியம் நீள்வது இதில் மூன்றில் ஒரு பங்கு, ஒன்று இழுக்க ஒன்று மறுக்க, கடைசியில் பசை விடும் அல்லது சுவர் வளையும். பிளாட்ஃபாரத்தை சிமென்ட்டில் செய்து அதோடு சுவரைச் சேர்த்துப் பூசுவதும் இதே கதைதான், மூட்டில் மயிரிழை விழும், அதில் தண்ணீர் நிற்கும், பனி உறையும் ஊர் என்றால் அந்தத் தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருத்து இன்னும் பிளக்கும். வேறு வேறு பொருள்களைச் சேர்க்கும் இடத்தில் சிலிக்கோன் போன்ற இழுபடும் பசை, அல்லது நடுவில் மட்டும் ஒரு பிடிப்பு, ஓரங்கள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

அதனால் என் தீர்ப்பு இதுதான்: சுவருக்கு இந்த ஷீட்டுக்கு ஈடு இல்லை, கூரைக்கு இதை யோசித்துத்தான் போடணும். கூரையாக வைத்தே தீருவது என்றால் 5 மி.மீ.க்குக் குறையாமல், பத்து செ.மீ.க்கு ஒரு கைமரம் அடியில் கொடுத்து, வெளிர் நிறத்தில் அடியுங்கள். நான் இப்போதெல்லாம் அடியில் பிவிசியில் எலும்புக்கூடு கட்டி, மேலே மெல்லிய அலுமினியத் தகட்டை நெளியவைத்துத் துண்டு துண்டாகப் போடுகிறேன். குளிர்பானக் கேனை வெட்டி, பல் உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தால் அருமையான தகரக் கூரை வருகிறது, துண்டுகள் தனித்தனி என்பதால் விரிவுச் சண்டையும் இல்லை. ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். கூரை எதுவானாலும் கழற்றுகிற மாதிரி இருக்கணும், முக்கோணச் சுவரின் உச்சியில் காற்றுப்போக்குக்கு ஓட்டை இருக்கணும். கண்ணாடி ஜன்னல் வைத்து எல்லாப் பக்கமும் அடைத்த கட்டடம் உள்ளே வெந்துவிடும், வெளிச்சுவர் தாங்கினாலும் உள்ளிருந்து இளகும். ஓட்டைக்கு மெல்லிய வலை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் குளவி குடித்தனம் வைக்கும். எறும்பும் சிலந்தியும் எப்படியும் வரும், அவர்களை யாரும் தடுக்க முடியாது.

பெயின்ட் அடிக்காமல் வெள்ளையாகவே விடலாமா என்று சிலர் கேட்பார்கள். விடக்கூடாது, நாளாவட்டத்தில் மஞ்சளடித்து மாவு உதிரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை எடுத்துவிட்டு, வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட்டே அடிக்கலாம், நன்றாகப் பிடிக்கிறது. பிறகு கறுப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த பெயின்ட்டை மேலே தடவித் துணியால் துடைத்தால் கோடுகளில் மட்டும் தங்கும். பவுடர் நிறங்களால் அழுக்கும் துருவும் காட்டுகிறவர்கள், மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மேட் கிளியர் (பளபளக்காத, நிறமில்லாத பூச்சு) அடிக்காவிட்டால் முதல் மழையில் தோட்டத்துக்குத்தான் அழகு சேரும். இன்னொன்று, 3 மி.மீ. வெள்ளை ஷீட் வெளிச்சத்தை ஓரளவு விடும். உள்ளே விளக்குப் போட்டால் ஜன்னலோடு சேர்ந்து சுவரும் ஒளிரும், காகிதக்கூண்டு விளக்காகிவிடும். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு மேலே வேண்டுமானால் வெள்ளை அடியுங்கள்.

ஜன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் வேண்டாம், வெயிலில் நெளிந்து மஞ்சளாகும். பாலிகார்பனேட் உறுதியானது, ஆனால் மேல்பூச்சு இல்லாத வகை மஞ்சளடிக்கும், அக்ரிலிக் அந்த விஷயத்தில் மேல். எனக்குப் பிடித்தது மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு. 75-க்கு 25 மி.மீ., ஒரு மி.மீ. தடிமன், 1:22.5-ல் அது ஒரு மீட்டர் எழுபது உயரமும் அரை மீட்டருக்குச் சற்று மேல் அகலமும் உள்ள கதவு ஜன்னல் பாளம். வெட்டவே தேவையில்லை, இரண்டு சேர்த்தால் பெரிய ஸ்டேஷன் ஜன்னல். நிஜக் கண்ணாடியின் பளபளப்பு எந்தப் பிளாஸ்டிக்கிலும் வராது, மஞ்சளும் ஆகாது. குழந்தைகள் புழங்கும் தோட்டம் என்றால் மட்டும் அக்ரிலிக் போடுங்கள்.

எடை குறைவு என்பதைக் கடைக்காரர் லாபமாகச் சொல்வார், தோட்டத்தில் அது பாதி நஷ்டம். மேலே சொன்ன அரை மீட்டர் ஸ்டேஷன் கூரையில்லாமல் இரண்டு கிலோ சொச்சம்தான் வரும், பலத்த காற்றில் பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும். தரையில் நேராக வைப்பதும் தவறு. மண்மட்டத்திலிருந்து கொஞ்சம் உயர்த்தி, கட்டடத்தைவிடச் சற்று அகலமாக ஒரு கல்லையோ சிமென்ட் பலகையையோ பீடமாகப் போட்டு, அதில் இரண்டு ஸ்டெயின்லெஸ் கம்பிகளை நட்டு, கட்டடத்தின் உள்மூலைப் பட்டைகளில் துளையிட்டு அதன்மேல் இறக்கினால் காற்றுக்கும் அசையாது, வேண்டும்போது தூக்கவும் செய்யலாம். கட்டடத்தின் அடியைத் தரைப்பலகை ஒட்டி மூடாதீர்கள், அடி திறந்திருந்தால் உள்ளே வந்த தண்ணீர் வந்த வழியே போகும். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பொடி ஜல்லி போட்டால் மழைத்துளி சேற்றைச் சுவரில் தெறிக்காது. இது அழகுக்குச் செய்வது அல்ல. வெறும் மண்ணில் வைத்த கட்டடத்தின் கீழ்ப்பகுதி எப்போதும் அழுக்காகத் தெரிவதற்குக் காரணம் இந்தத் தெறிப்புதான்.

விளக்கைப் பற்றி ரெண்டே வார்த்தை: எல்இடி, வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சம், குறைந்த கரன்ட். வயர் நுழையும் இடத்தை சிலிக்கோனால் அடைப்பதானால் வினிகர் வாசனை அடிக்கும் வகையை எடுக்காதீர்கள், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்? போலா, பிகோ போன்றவர்கள் இந்த ஸ்கேலுக்கென்றே விற்கும் கிட்களில் இருக்கும் நுணுக்கம் கையால் வராது, நேரம் இல்லாதவர்கள் தயங்காமல் அதற்குப் போகலாம். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் ஸ்டேஷன் எந்தப் பெட்டியிலும் இருக்காது. சிமென்ட் வார்ப்பு நூறு வருஷம் நிற்கும், பாலத்துக்கும் தாங்குசுவருக்கும் அதுதான் சரி, ஜன்னல் வைத்த கட்டடத்துக்கு அதில் மாரடிப்பது வீண். தேக்கும் சிடாரும் நன்றாகத் தாங்கும், ப்ளைவுட் என்றால் ஓரம் தண்ணீர் குடிக்காமல் அடைத்தே ஆகணும், மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள். 3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அடித்துக்கொண்டு வந்து வைக்கிறார்கள், அது 60 டிகிரிக்கு முன்னாலேயே இளகிவிடும், இந்த ஷீட்டைவிட மோசம். ஏஎஸ்ஏ இழையில் அடியுங்கள், சூடும் தாங்கும், புற ஊதாக் கதிரும் தாங்கும், ஏபிஎஸ்ஸில் வெயில் முதலில் பதம் பார்க்கும் பியூட்டடையீன் ரப்பர் இதில் இல்லை, அதற்குப் பதில் அக்ரிலேட். கதவுக் கைப்பிடி, தூம்புக்குழாய், விளக்குக் கூண்டு இதெல்லாம் ஏஎஸ்ஏவில் அடித்து பிவிசிச் சுவரில் வைத்தால் இரண்டின் நல்ல பக்கமும் கிடைக்கும்.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், நாள் முழுக்க நிழலே விழாத திறந்தவெளியில் கறுப்புக் கூரையும் அடர்நிறச் சுவருமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு. அவர்கள் அலுமினியக் கூட்டுத் தகட்டையோ சிமென்ட் பலகையையோ பார்க்கட்டும். மற்றவர்கள் முதல் தடவைக்கு 10 மி.மீ.யில் ஒன்றும் 3 மி.மீ.யில் ஒன்றும் வாங்கினால் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கும் ஒரு கொட்டகைக்கும் போதும். 10 சுவருக்கு, 3 கதவுப் பலகை, ஜன்னல் சட்டம், படிக்கட்டு, பெயர்ப்பலகைக்கு. பசையை மட்டும் சின்ன டப்பாவாக வாங்குங்கள், திறந்தபின் அது கட்டியாகிவிடும்.